பெரிய வீடும் காணாத வயலும்: 'கம்பெரலிய' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துச் சினிமாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் 1963ஆம் ஆண்டிலே சற்று நின்று செல்வர். அவ்வாண்டின் டிசம்பர் மாதத்திலேதான் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய 'கம்பெரலிய' திரைக்கு வந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட நாவலுக்கு ரெஜி சிறிவர்தன திரைவடிவம் தந்தார், வில்லி பிளேக் ஒளிப்பதிவு செய்தார், டபிள்யூ.டி. அமரதேவ இசையமைத்தார். தென்னிந்திய ஸ்டூடியோக்களின் அச்சிலே வார்க்கப்பட்ட ஆடல் பாடல்களும் அடிதடியும் சிங்களத் திரையை ஆட்கொண்டிருந்த காலத்தில், ஸ்டூடியோவின் வாயிற்படியையே மிதியாது, மெய்யான வீட்டிலும் மெய்யான வெயிலிலும் எடுக்கப்பட்ட படம் இது. 1965இல் புதுடில்லியில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதைப் பெற்றது. அவ்விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சத்யஜித் ராய் என்பது பின்னர் எடுத்தாளப்படவிருக்கும் ஓர் ஒப்பீட்டை முன்னிட்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவையெல்லாம் பலரும் எழுதியவை. எழுதப்படாதது வேறு. இப்படத்தைத் தமிழ் பேசும் மக்கள், குறிப்பாக அறுகம்பேயிலிருந்து வடக்கே அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை எனத் தொடரும் கரையோரத்து மக்கள், எவ்வாறு பார்க்க வேண்டும் என்ற வினா அது. நாவல் தமிழுக்குப் புதியதன்று. முஸ்லிம் தமிழிலக்கிய ஆய்விலே பெயர்பெற்ற எம்.எம். உவைஸ் அதனைக் 'கிராமப் பிறழ்வு' என்னும் பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார். ஆயினும், படம் தென்மாகாணத்துச் சிங்களக் கிராமமொன்றின் தனிக்கதையாகவே இங்கு நோக்கப்பட்டு வந்துள்ளது. போடியார் என்ற சொல்லின் கனத்தை அறிந்த ஒரு பிரதேசம் இப்படத்தை அந்நியமாகப் பார்ப்பது வியப்புக்குரியது.

கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்கிறது. ஊரின் 'மஹகெதர', அதாவது பெரிய வீடு, கயிசாருவத்தை முகாந்திரத்தினுடையது. அவருடைய இளைய மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அவள்மீது காதல் கொள்கிறான், பெண் கேட்கிறான், மறுக்கப்படுகிறான். குலப்பெருமை மட்டும் மிஞ்சியிருக்கும் ஜினதாசவுக்கு நந்தா மணமுடித்துக் கொடுக்கப்படுகிறாள். முகாந்திரம் இறக்கிறார், பிறந்த குழந்தையும் இறக்கிறது, வீடு வறுமையில் தேய்கிறது, ஜினதாச பிழைப்புத் தேடித் தொலைதூரம் போய்த் திரும்பாதவனாகிறான். கொழும்பு சென்று செல்வந்தனாகிய பியல் மீண்டு வந்து, ஜினதாச இறந்துவிட்டான் என்று நம்பப்பட்ட நிலையில், நந்தாவை மணக்கிறான். அதன் பின்னர் வரும் ஒரு தந்தி, ஜினதாச அதுவரை உயிரோடிருந்தான் என்பதை உணர்த்துகிறது.

இங்கு முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, பியல் யார் என்பது. அவன் குடியானவனல்லன், கூலியாளுமல்லன். சாதியாலும் அவன் விலக்கப்பட்டவனல்லன். பெரிய வீட்டாரின் வட்டத்துக்குச் சற்று வெளியே, ஆனால் அதன் படிக்கட்டுக்கு மிக அண்மையில் நிற்பவன். முகாந்திரத்தின் நிலைக்கும் அவனது நிலைக்கும் இடையில் உள்ள தூரம் வெளியூரான் ஒருவனுடைய கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. அச்சிறு தூரத்தைத்தான் அவ்வீடு உயிரைக் கொடுத்துக் காக்கிறது. நிலப்பிரபுத்துவச் சமுதாயத்தின் முரண்பாட்டை ஆண்டான் - அடிமை என்ற இரு முனைகளிலே தேடிப் பழகிய விமரிசனம் இதனைத் தவற விட்டுவிடும். பெரும்பள்ளத்துக்கு அப்பால் நிற்பவனை உயர்குடி அஞ்சுவதில்லை. அவனுக்கு இரங்கவும் செய்யும். ஒரு படி கீழே நிற்பவனையே அது அஞ்சுகிறது.

இவ்வச்சத்தை லெஸ்டர் வசனத்தின் மூலம் சொல்லவில்லை. யார் எங்கே அமர்கிறார், யார் நிற்கிறார், யார் வாசலோடு திரும்புகிறார் என்பவற்றாலேயே சொல்கிறார். கதிரையும் திண்ணையும் கதவு நிலையும் இப்படத்திலே பாத்திரங்கள் போன்று தொழிற்படுகின்றன. எவரும் குரலை உயர்த்துவதில்லை. நமது தமிழ்ப் படங்களிலே பணக்காரத் தந்தை ஏழைக் காதலனை மாடிப்படியில் நின்று ஏசும் காட்சியை எத்தனை முறை கண்டு சலித்திருக்கிறோம்! அந்த மாடிப்படி இங்கில்லை. மறுப்பு மரியாதையோடு நிகழ்கிறது. ஆகவே அதனை எதிர்த்துச் சண்டையிடவும் பியலுக்கு வழியில்லை.

ஆங்கிலத்தின் இடமும் ஆழ்ந்து நோக்கற்பாலது. பெரிய வீட்டுக்கு மகளின் ஆங்கிலம் ஓர் ஆபரணம். கழுத்திலே கிடக்கும் சங்கிலியோடு இன்னொன்று. பியலுக்கோ அது கைத்தொழில். அதே மொழிதான் பின்னர் அவனைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று, வாணிகத்தின் வாயிலைத் திறந்து விடுகிறது. தன்னைக் கவிழ்க்கப் போகும் கருவியைப் பெரிய வீடு தானே சம்பளம் கொடுத்து முன்விறாந்தைக்கு வரவழைத்துக் கொள்கிறது. நாவலாசிரியரின் வரலாற்று நோக்கு இவ்விடத்திலே திரையில் முழுமையாக இறங்கியிருக்கிறது எனத் துணிந்து கூறலாம்.

படத்தின் உயிர்நிலை நந்தா. புண்யா ஹீந்தெனியவின் நடிப்பைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் பாராட்டியோரிற் பலர் அவளைப் பெற்றோரின் பிடிவாதத்துக்குப் பலியான பேதைப் பெண்ணாகவே கண்டனர். அவ்வாசிப்பு படத்தைச் சிறுமைப்படுத்துவது. நந்தாவின் தடை வெளியில் மட்டும் இல்லை. பியலை விரும்பும் அதே மனத்தின் ஓரத்தில், அவன் தனக்கு நிகரானவனல்லன் என்ற எண்ணமும் குடியிருக்கிறது. பியலின் கடிதத்தைப் பெறும்போது அவள் முகத்திலே தோன்றுவது மகிழ்ச்சி மட்டுமன்று. தகாத ஒன்று தன்னைத் தீண்டிவிட்டதென்ற சிறு சினமும் அங்கு நிழலாடுகிறது. வர்க்கம் என்பது காதலுக்குக் குறுக்கே எழுந்த சுவராக மட்டும் இருந்திருப்பின், அதனைத் தாண்டுவதோ தாண்டாதொழிவதோ ஒரு வீரக்கதையாக முடிந்திருக்கும். இங்கு அது விரும்பும் முறையிலேயே கலந்துவிட்டது. தான் எதை விரும்புகிறாள் என்பதை நந்தாவே அறியாள்.

அவள் நோயுறுகிறாள். வீடு அதனைப் பேயின் வேலை என்று கொண்டு தொவில் சடங்கு நடத்துகிறது. வெறும் கிராமியக் காட்சிக்காக அச்சடங்கு சேர்க்கப்பட்டது எனச் சிலர் கருதலாம். வாய் சொல்லத் துணியாததை உடல் சொல்கிறது என்பதும், அவ்வுடலின் பேச்சைப் புரிந்துகொள்ள வீட்டாருக்குக் கையிலிருந்த ஒரே அகராதி பேய்தான் என்பதும் அக்காட்சியின் பொருள். தண்ணீர் ஓதிக் கொடுத்தும் நூல் கட்டியும் குமருகளின் நோயைத் தீர்க்க முனைந்த வீடுகள் கிழக்குக் கரையிலும் இருந்தன. அந்நோய்களின் காரணம் பற்றி அவ்வீடுகளும் வாய் திறந்ததில்லை.

இக்கட்டத்தில் இரு வெளிநாட்டுப் படங்களை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். ஒன்று, தாராசங்கர் பந்தோபாத்தியாயவின் கதையைக் கொண்டு சத்யஜித் ராய் 1958இல் எடுத்த 'ஜல்சாகர்'. நிலமெல்லாம் ஆற்றோடு போய்க்கொண்டிருக்க, எஞ்சிய பணத்தை இசைக் கச்சேரிக்கு இறைக்கும் ஜமீன்தாரின் கதை. அவரது யானை மேய்ந்துகொண்டிருக்கும் வெளியில், அயலிலே புதிதாகப் பணம் சேர்த்தவனின் லொறி கிளப்பும் புழுதி அந்த யானையை மறைக்கும் காட்சியைப் பார்த்தவர் மறவார். மற்றையது, லம்பெதூசாவின் நாவலை ஒட்டி விஸ்கொன்ரி எடுத்த 'சிறுத்தை'. அதுவும் 1963ஆம் ஆண்டின் படமே. சிசிலித் தீவின் இளவரசர் தம் மருமகனைப் புதுப்பணக்காரன் ஒருவனின் மகளுக்கு மணம் பேசி, வரலாற்றோடு பேரம் செய்துகொள்கிறார். முடிவில் வரும் நீண்ட நடன விருந்திலே, தாம் இறந்துகொண்டிருப்பதை அவர் கண்ணாடி முன் நின்று காண்கிறார்.

இரண்டும் பெரும் படைப்புகள். எனினும் இரண்டிலும் புதுப்பணக்காரன் நகைப்புக்கு ஆளாகிறான். ராயின் கங்குலிக்கு இசை தெரியாது; விஸ்கொன்ரியின் டொன் கலோஜெரோவுக்கு மேலங்கி பொருந்தாது. வெல்லப் போகிறவன் அவலட்சணமானவன் என்று காட்டித் தோற்கிறவனுக்கு ஆறுதல் அளிக்கும் தந்திரம் இது. இயக்குநரே உயர்குடியில் பிறந்தும் இடதுசாரிச் சார்புடையவராக இருந்தும், விஸ்கொன்ரியால் அதனை முற்றாகக் கைவிட முடியவில்லை. லெஸ்டர் இத்தந்திரத்தை நாடவில்லை. ஹென்றி ஜயசேன ஏற்ற பியல் நாகரிகமானவன், அடக்கமானவன், படித்தவன். அவனைப் பார்த்துச் சிரிக்க இடமில்லை. ஆகையால் பெரிய வீட்டின் மறுப்புக்கு அழகியல் நியாயம் ஏதும் மிஞ்சவில்லை. பிறப்பு என்ற ஒன்றே மிஞ்சுகிறது. இவ்வொரு விடயத்தில் 'கம்பெரலிய' அவ்விரு படங்களையும் விஞ்சி நிற்கிறது என்று கூறுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இனி, குறைக்கு வருவோம். குறை சிறியதன்று.

முகாந்திரத்தின் வீடு எதை உண்டு வாழ்கிறது? படம் முடிந்து வெளியே வருபவன் இவ்வினாவுக்கு விடை சொல்ல இயலாதவனாய் நிற்பான். கூரை ஒழுகுவதையும் சுவர் உதிர்வதையும் காண்கிறோம். அக்கூரையை வேய்ந்த கைகளை அறிகிறோமில்லை. வேலையாட்கள் வருகிறார்கள், தேநீர் வைக்கிறார்கள், மறைகிறார்கள். நிலத்திலிருந்து பெரிய வீட்டுக்கு வந்து சேரும் விளைச்சலின் வழி திரையில் இல்லை. வீடு ஏதோ வானத்திலிருந்து இறங்கி, பின் காலத்தால் பழுதடைந்தது போன்ற ஒரு மயக்கம் தோன்றுகிறது. கமெரா முன்விறாந்தையிலே அமர்ந்திருக்கிறது; படலைக்கு அப்பால் எழுந்து செல்ல அது விரும்பவில்லை.

கிழக்குக் கரையோரத்துப் பார்வையாளனின் அனுபவம் விமரிசனத்துக்கு உதவுவது இவ்விடத்திலேதான். முகாந்திரம், முதலியார் என்பன ஆங்கிலேய ஆட்சி நாடெங்கும் ஒரே ஏணியிலே அடுக்கி வைத்த பட்டங்கள். கல்முனையைப் பிற்காலத்தில் பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவப்படுத்திய எம்.எஸ். காரியப்பர் இறுதிவரை கேட் முதலியார் என்றே அழைக்கப்பட்டார். ஆனால் இங்கு பட்டத்தைவிட வலிது வயல். போடியார் என்றால் அவருக்குப் பின்னால் இத்தனை அவண விதைப்பு, இன்ன வட்டையிலே வயல், இன்ன முல்லைக்காரன் என்ற கணக்கு ஒலிக்கும். போடியாரின் கல்வீடு கடற்கரை ஊரிலே இருந்தாலும் அதன் அத்திவாரம் மேற்கே, வாடியிலும் களவெட்டியிலும் கிடந்தது. முல்லைக்காரன் விதைநெல்லையும் செலவுக்காசையும் முன்னதாகப் பெற்று, யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்து, சூடு மிதித்த பின்னர் பட்ட கடனையும் அதன் மேலதிகத்தையும் களவெட்டியிலேயே அளந்து கொடுத்துவிட்டு, எஞ்சியதைச் சுமந்து போனான். இதனைப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு, வயலே இல்லாத பெரிய வீடு நம்புதற்கரியது.

இது வெறும் தகவற் குறைபாடு என்று தள்ளிவிட முடியாது. வயல் திரைக்கு வந்திருந்தால் நந்தாவின் துயரத்தின் எடை மாறியிருக்கும். அவளுக்காக வருந்தும் நாம், அவ்வீட்டின் நெற்பெட்டியை நிரப்பிய இன்னொருத்திக்காகவும் வருந்த நேர்ந்திருக்கும். அவ்விரு வருத்தங்களும் ஒன்றோடொன்று மோதியிருக்கும். அம்மோதலைத் தவிர்த்ததனாலேயே படம் இத்துணை இசைவுடையதாய் அமைந்தது. அதன் அமைதிக்குக் கொடுக்கப்பட்ட விலை அது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. அது இன்னும் கூர்மையானது. கிழக்குக் கரையிலே, முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும், குடிவழி தாயைப் பற்றிச் செல்வது. அறுகம்பேக்குத் தெற்கே சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் பாணமையிலும் இவ்வழக்கம் இருந்து வந்துள்ளது. வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேர்வது. மாப்பிள்ளைதான் மனைவியின் வீட்டுக்குக் குடிபுகுவான். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் முதலியோர் கல்விக்கு ஊக்கமளித்த காலத்தின் பின்னர், படித்த ஏழை வாலிபன் ஒருவன் ஆசிரியனாகி ஊருக்கு வந்தால், போடியார் வீடு அவனைப் படலையோடு திருப்பி அனுப்புவது குறைந்தது. வீட்டையும் வயலையும் எழுதிக் கொடுத்து அவனை 'மாப்பிள்ளை எடுக்கும்' வழக்கம் வளர்ந்தது. அதாவது தெற்கிலே மறுக்கப்பட்ட பியல், கிழக்கிலே விலைக்கு வாங்கப்பட்டிருப்பான்.

எது கொடிது? மறுக்கப்பட்ட பியல் கோபத்தோடு கொழும்புக்குப் போனான். ஒரு புதிய வர்க்கத்தின் முன்னோடியானான். வாங்கப்பட்ட பியலோ மாமனாரின் வயற்கணக்கை எழுதிக்கொண்டு, முல்லைக்காரனிடம் தன் தந்தை எவ்வாறு நின்றாரோ அவ்வாறே பிறர் தன்முன் நிற்பதைக் கண்டு பழகிப் போயிருப்பான். உயர்குடி தன் பகைவனை அழிக்காது, அவனைத் தன் வீட்டுக்குள்ளேயே உறங்க வைத்துவிடும் இவ்வுபாயம் 'கம்பெரலிய'வில் இல்லை; படத்தின் இறுதியிலே மட்டும் அது தலைகீழாக நிகழ்கிறது. அங்கு பணம் படைத்தவன் பெரிய வீட்டை வாங்குகிறான். சீதனத்திலும் ஒரு நியாயம் இருந்தது: மகளுக்கு மகள் வயல் பிரிந்து, போடியாரின் பெருநிலம் சட்டம் வருமுன்னரே சிறுதுண்டுகளாகிக் கொண்டிருந்தது. 1958இன் நெற்காணிச் சட்டமும், நெல்வயலுக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு விதித்த 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன்மீதே வந்து விழுந்தன. இவ்வீழ்ச்சிக்கு ஒரு லெஸ்டர் வாய்க்கவில்லை. தர்மசேன பத்திராஜ 1977இல் தமிழில் எடுத்த 'பொன்மணி' யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் சீதனச் சுமையையும் சாதியையும் துணிவோடு தொட்டது. வணிக வெற்றி காணாது மறைந்தது. கிழக்கின் கல்வீடுகளோ திரைக்கு வராமலே இடிந்தன. இன்று அறுகம்பேயின் கடலோர மணல் நிலத்தைச் சுற்றுலா விலையேற்றிவிட்டது. மத்திய கிழக்கில் உழைத்த பணமும் புது மாடிகளாய் எழுந்துள்ளது. பியல்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும் கண்தான் இன்னும் பிறக்கவில்லை.

லெஸ்டருக்குச் சார்பாக ஒன்று கூறப்படலாம்: கலைஞன் பொருளியல் நூல் எழுதவில்லை, வீட்டுக்குள் இருந்து பார்ப்பதென்று தெரிந்தெடுத்தான், அத்தெரிவை அவன் நேர்மையாகக் காத்தான் என்பது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. வீட்டுக்குள்ளிருந்து பார்த்ததனாலேயே நந்தாவின் மனத்தில் வர்க்கம் எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதை அவரால் காட்ட முடிந்தது. வயலிலிருந்து பார்க்கும் முற்போக்குக் கதைகளிற் பல அதைக் காட்டத் தவறின. அவற்றிலே போடியார் ஒரு தொந்தியும் ஒரு தங்கப்பல்லுமாக முடிந்துவிடுகிறார். ஆயினும் உள்ளிருந்து பார்ப்பவனுக்கும் யன்னல் உண்டு. அந்த யன்னலூடாக ஒருமுறை, ஒரேயொரு முறை, வயல் தெரிந்திருக்கலாம்.

ஜினதாசவின் பாத்திரம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. காமினி பொன்சேகா ஏற்ற அப்பாத்திரத்துக்குத் தரப்பட்ட நேரம் குறைவு; ஆனால் பெருமை மட்டும் முதலாகவுள்ள ஒருவன் கடை வைத்துப் பிழைக்கப் புறப்படும்போது அவனது தோள் சரிவதை மறக்க முடியாது. வேலை செய்யக் கற்றுத் தராத ஒரு வர்க்கம் தன் பிள்ளையைச் சந்தைக்கு அனுப்புகிறது. அவன் திரும்பவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, அதே முத்தொகுதியின் இறுதிப் படமாகிய 'யுகாந்தய'வில் (1983) அதே காமினி பொன்சேகா தொழிலதிபர் சைமன் கபலானவாகத் தோன்றுகிறார். இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவனுக்கு, தோற்றவனின் முகமே வென்றவனின் முகமாகவும் வருவது தற்செயலாக இருப்பினும் மனத்தை உறுத்தும்.

தந்தி வந்த பின்னர் நந்தா ஜினதாசவை நாடிச் செல்கிறாள். அவனது மனைவியாகவே துயருறுகிறாள். பியல் கொதிக்கிறான். அவன் வீட்டைப் பெற்றான், நந்தாவையும் பெற்றான். ஆயினும் அவளது துக்கத்திலே தனக்குப் பங்கில்லை என்பதைக் காண்கிறான். வெளித்தோற்றத்திலே இது பொறாமை. உண்மையில், முன்னொரு நாள் அவ்வீட்டு விறாந்தையிலே எந்தக் கதிரையில் அமர்வது என்று தயங்கி நின்றானே, அந்த இளைஞனே மீண்டும் வந்து நிற்கிறான். இருவரும் பின்னர் சமாதானமாகின்றனர். அச்சமாதானத்தைப் படம் உரக்கக் கொண்டாடவில்லை. நந்தாவின் முகம் அமைதியாக இருக்கிறது. அது இணக்கமா களைப்பா என்று லெஸ்டர் கூறவில்லை.